மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் என் போன் ஓயாது. ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களில் பலர் அன்றோடு குடியை விட்டுவிடுவார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற அளவுக்கு முற்றியவர், டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நானும் குடிநோயிலிருந்து மீண்டவன்தான். இப்போது சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தில், மீள நினைப்பவர்களுக்குத் துணையாக இருப்பதே என் வேலை.

வியாசர்பாடியில் ஓர் ஆட்டோக்காரர். மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி அவர் மனைவி கூப்பிட்டார். "அண்ணா, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு தட்டிக்கினே இருக்காரு. சாமி குத்தம்னு அத்தை அழுவுறாங்க."

போய்ப் பார்த்தேன். கறுப்பு வேட்டி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. தரையில் உட்கார்ந்து, இல்லாத ஆட்டோவின் ஹேண்டில்பாரை முறுக்கி, "சென்ட்ரலா, ஏறுங்க" என்று சவாரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குடி நின்ற 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் இப்படிப் புத்தி தடுமாறும். வீட்டில் வைத்துச் சமாளிக்கிற விஷயமே இல்லை. 108-க்குச் சொல்லிவிட்டோம்.

அம்மா மட்டும் வாசலை மறித்து நின்றார். மாலையோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் தீட்டாகிவிடுமாம். அவருடைய குருசாமிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "உசுரு இருந்தாதாம்மா மலை. மொதல்ல கூட்டினு போங்க" என்றார் அந்தப் பெரியவர். அந்த மனிதரை இன்றும் கும்பிடுகிறேன்.

மருந்து, குளுக்கோஸ், பி1 வைட்டமின் ஊசி என்று சில நாட்களில் தெளிந்தார். கண் விழித்ததும் வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு எறும்பு தெரிஞ்சுது சாமி. உடம்பெல்லாம் ஏறுச்சு" என்றேன். மெல்லத் திரும்பினார். "உனக்குமா? அப்புறம் சரியாயிடுச்சா?" அந்தக் கேள்வியை அவர் டாக்டரிடம் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்காருவதே அதற்காகத்தான்.

மாலையைக் கழற்றும் நாள்தான் அடுத்த கண்டம். அன்று மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது அவர் தனியாக இருக்கக் கூடாது. நான் கூடவே இருந்தேன், தப்பித்தார். பங்குனியில் மச்சான் கல்யாணத்தில் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். ஏன் குடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை; எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அன்றைக்கே மறுபடி சிகிச்சைக்கு வந்தார். இப்போதும் வந்துகொண்டிருக்கிறார்.

வீட்டில் யாராவது தினமும் குடிப்பவர் மாலை போடப்போவதாகச் சொன்னால், ஐப்பசியிலேயே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போதைப் பழக்கத்துக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம். குருசாமிகள் காதிலும் இதைப் போட்டு வையுங்கள்.