நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கார் வரைக்கும் தனியா நடக்கணும், ஹூஸ்டன்ல கைத்துப்பாக்கி வச்சுக்கலாமா?

திருச்சிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறேன், ரெண்டாவது ஷிஃப்ட், முடியறதுக்கு ராத்திரி பதினொன்றரை ஆயிடும். ஸ்டாஃப் பார்க்கிங் கராஜ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலாவது மாடிலதான் எப்பவும் இடம் கிடைக்கும். போன மாசம் ஒரு நாள் லிஃப்ட்ல இருந்து வெளிய வர்றேன், ஒரு ஆள் தூண் பக்கத்துல சும்மா நிக்குறான், நான் நடந்தா நடக்குறான், நான் ஃபோன் பாக்குற மாதிரி நின்னா அவனும் நிக்குறான். ஓடிப்போய் ஏறி லாக் பண்ணிட்டேன், ஆனா கை நடுங்குற நடுக்கத்துல பிரேக்க மிதிக்காமயே ஸ்டார்ட் பட்டன அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?

ஒண்ணும் நடக்கல. ஆனா அதுலேர்ந்து பதினோரு மணி ஆனாலே வயித்தைக் கலக்குது. கூட வேலை பாக்குற அமெரிக்கப் பொண்ணு, ஹேண்ட்பேக்ல சின்னதா ஒரு கன் போட்டுக்கோ, டெக்சஸ்ல இப்ப லைசென்ஸே வேணாம்ங்கிறா. வீட்டுக்காரர் பேச்சையே எடுக்க விடமாட்டேங்குறார். எனக்கு போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்துச்சு. வீட்ல 4 வயசுல பொண்ணு இருக்கா, எஃப்1ல எம்எஸ் படிக்க வந்த தம்பியும் எங்க கூடத்தான் இருக்கான். கன் வச்சிருக்கிற நம்மாளுங்க யாராவது உண்மையச் சொல்லுங்க, இது சரிப்பட்டு வருமா? வாங்கினா சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு தம்பியும் வரேங்குறான்.

சுகர்லேண்ட் சுப்பு:

தங்கச்சி, முதல்ல சட்டம். நான் வக்கீல் கிடையாது, 11 வருஷமா கேரி பண்றவன், அதாவது வெளிய போகும்போது கன்ன கூடவே வச்சிருக்கிறவன், அவ்வளவுதான்.

கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், வச்சுக்கலாம், பிரச்சனை இல்ல. கடைல ஃபார்ம் 4473 குடுப்பான், அதுல உங்க கிரீன் கார்டுல இருக்கிற ஏ நம்பர் கேப்பான், பேக்ரவுண்ட் செக் ஓடும். உங்க ஃப்ரெண்ட் சொல்றதும் பாதி சரி. 2021 செப்டம்பர் 1லேர்ந்து 21 வயசுக்கு மேல சட்டப்படி கன் வச்சிருக்கத் தகுதி உள்ளவங்க லைசென்ஸ் இல்லாமயே கேரி பண்ணலாம். ஆனாலும் நான் எல்டிசி, அதாவது டெக்சஸ் குடுக்கிற கேரி லைசென்ஸ், எடுக்கச் சொல்லுவேன். ஃபீஸ் 40 டாலர்தான், கிளாஸ ஆன்லைன்லயே முடிச்சிடலாம், சுடுற டெஸ்ட் மட்டும் நேர்ல, 3, 7, 15 கஜத்துல மொத்தம் 50 ரவுண்ட். எதுக்கு எடுக்கணும்னா ஸ்கூலச் சுத்தி 1000 அடிக்குள்ள கன் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு, மாநில லைசென்ஸ் இருக்கிறவங்களுக்குத்தான் அதுல விலக்கு. சிட்டிக்குள்ள ஸ்கூல் இல்லாத ரோடு எது சொல்லுங்க. அப்புறம் லூசியானா, ஓக்லஹோமான்னு போனா எல்டிசி செல்லும், நியூஜெர்சிலயோ கலிஃபோர்னியாலயோ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறீங்கன்னா செல்லாது, அங்க மாட்டினா கிரீன் கார்டுக்கே வேட்டு, ஏன்னா கன் சம்பந்தப்பட்ட கேஸ்ல கன்விக்‌ஷன் ஆனா நாடு கடத்துறதுக்கு அதுவே போதும், சிட்டிசனுக்கு அந்த பயம் இல்ல, நமக்கு இருக்கு.

இப்ப பெரிய விஷயம், உங்க தம்பி. எஃப்1, எச்1பி, எச்4 எல்லாமே நான்-இமிக்ரண்ட் விசா, அதாவது தற்காலிக விசா. அவங்க கன்னோ தோட்டாவோ கைல வச்சிருக்கிறதே ஃபெடரல் குத்தம், 15 வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஹண்டிங் லைசென்ஸ் வச்சிருந்தா ஒரு விலக்கு இருக்கு, அத நம்பி எறங்குறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட காசு குடுத்துக் கேக்கணும், வாட்சப் குரூப்ல கேக்கக் கூடாது. ரேஞ்சுல ஜாலிக்கு சுட்டு ரீல்ஸ் போடுற பசங்க நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. கன் உங்க பேர்லதான் இருக்குன்னாலும், பூட்டாம மேசை டிராயர்ல கிடந்து அவனும் எடுக்க முடியும்னா அவன் வசம் இருக்குன்னே கேஸ் போட இடம் இருக்கு. அதனால சேஃப், நம்பர் உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் மட்டும். அவர் இன்னும் எச்1பின்னா அவருக்கும் கிடையாது. குழந்தைக்கும் இதே கதைதான், 17 வயசுக்குக் கீழ உள்ளவங்க கைக்கு எட்டுற மாதிரி லோட் பண்ண கன்ன வச்சா டெக்சஸ்ல அதுவே தனி குத்தம்.

திருச்சிப்பொண்ணு:

அவருக்கும் கிரீன் கார்டுதான் அண்ணா, ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு. தம்பி விஷயம் சுத்தமா தெரியாது, ரொம்ப நன்றி. ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போலாமா?

சுகர்லேண்ட் சுப்பு:

முடியாதும்மா. ஆஸ்பத்திரிய சட்டமே தனியா லிஸ்ட்ல வச்சிருக்கு, நிர்வாகம் எழுத்துல அனுமதி குடுத்தாத்தான் உண்டு, உங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க. வாசல்ல போர்டப் பாருங்க, கன்னோட உள்ள வரக் கூடாதுன்னு, 30.06, 30.07னு சட்டப் பிரிவு நம்பர் போட்டு இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் ஒரு இன்ச் எழுத்துல பெருசா இருக்கும். அதுக்கு மேல எம்ப்ளாயர் பாலிசி வேற, பேக்ல இருந்தது தெரிஞ்சா அன்னைக்கே வேலை போச்சு.

ஆனா பார்க்கிங் கராஜ் அந்தத் தடைல வராது, சட்டத்துல பில்டிங்க மட்டும்தான் சொல்லுது. 2011லேர்ந்து இன்னொரு சட்டமும் இருக்கு, எம்ப்ளாயி தன்னோட கார்ல பூட்டி வச்சிருந்தா கம்பெனி தடுக்க முடியாது. அப்ப கணக்கு என்ன ஆகுது? வேலைக்குப் போகும்போது கன்ன கார்ல பூட்டிட்டு உள்ள போகணும். பதினொன்றரைக்கு வெளிய வர்றீங்க, ரோட்டத் தாண்டுறீங்க, லிஃப்ட்ல ஏறுறீங்க, நாலாவது மாடில நடக்குறீங்க, இத்தனை தூரமும் கன் கார்லதான் கிடக்கு. நீங்க பயப்படுறது அந்த நடைக்குத்தானே? கார்க்குள்ள ஏறினப்புறம் உங்ககிட்ட ரெண்டு டன் இரும்பும் ஆக்சிலரேட்டரும் இருக்கே. அதுபோக கராஜ்ல கண்ணாடிய உடைக்கிறவன் மொதல்ல தேடுறதே அததான்.

கேட்டி மல்லி:

சுப்பு அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. நான் நாலு வருஷமா கேரி பண்றேன், ஆனா வேலைக்கு இல்ல, மத்த நேரத்துக்குத்தான். பொம்பளைங்க சைடு கொஞ்சம் சொல்றேன்.

ஹேண்ட்பேக் வேணவே வேணாம்டா. 2014 டிசம்பர்ல ஐடஹோ வால்மார்ட்ல ஒரு அம்மா, ஷாப்பிங் கார்ட்ல 2 வயசுப் பையன், கன் வைக்கன்னே ஸ்பெஷலா தச்ச பர்ஸ், புள்ள ஜிப்பத் தொறந்து எடுத்து சுட்டுடுச்சு, அந்தம்மா அங்கயே போயிட்டாங்க. படிச்ச பொண்ணு, சயின்டிஸ்ட், கன்னோடயே வளந்தவங்க. உங்க பொண்ணு உங்க பேக்க நோண்ட மாட்டாளா? என் பையன் லிப்ஸ்டிக்க எடுத்து சோஃபால கோலமே போட்டவன்.

அப்புறம் பேக்ல கைய விட்டு, சாவி, டிஃபன் டப்பா, ஐடி கார்டு எல்லாத்தையும் தள்ளி எடுக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். சால்ட் லேக் சிட்டில ட்யூலர்னு ஒரு போலீஸ்காரர் 1983லயே எழுதிட்டாரு, கத்தியோட 21 அடி தள்ளி நிக்குறவன் ஒன்றரை செகண்டுல மேல விழுந்துடுவான்னு. உங்க கராஜ்ல ரெண்டு தூணுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு நாளைக்கு நடந்து பாருங்க.

அதனால உடம்போட இருக்கணும். அங்கதான் நமக்குச் சிக்கல். யூடியூப்ல சொல்றவன் எல்லாம் ஜீன்ஸ், தடி பெல்ட் போட்ட ஆம்பள. நாம ஆஸ்பத்திரில போடுற ஸ்க்ரப்ஸுக்கு நாடாதான், ஹோல்ஸ்டர, அதான் கன் உறைய, மாட்டினா பேன்ட்டே இறங்கிடும். சுடிதாருக்கும் அதேதான். நான் வயித்தச் சுத்திக் கட்டுற பெல்லி பேண்ட் கட்டுறேன், அதுலயும் வெறும் எலாஸ்டிக் பை வேணாம், டிரிகர முழுசா மூடுற கெட்டி பிளாஸ்டிக் ஓடு உள்ள தச்சது வேணும். டெக்சஸ் வெயில்ல ஆகஸ்ட் மாசம் வயித்தச் சுத்தி அது என்ன பாடு படுத்தும்னு சொன்னா நம்ப மாட்டீங்க, வேர்க்குரு வந்து தேங்காயெண்ணெய் தடவிட்டுத் திரிஞ்சேன்.

கடைக்குப் போனா லேடீஸ்னு சொல்லி குட்டியா பிங்க் கலர்ல ஒண்ண எடுத்து நீட்டுவான், ஏமாந்துடாதீங்க. கன் எவ்வளவு சின்னதோ உதை அவ்வளவு ஜாஸ்தி. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து நாலஞ்சு மாடல் சுட்டுப் பாருங்க. எனக்கு முதல்ல ஸ்லைட, அதான் தோட்டாவ உள்ள ஏத்த பின்னால இழுக்குற மேல் பாகத்த, இழுக்கவே வரல, மானமே போச்சு. அப்புறம் ஒரு வயசான இன்ஸ்ட்ரக்டர் பாட்டி காட்டிக் குடுத்தாங்க, இடது கையால பின்னால இழுக்காத, ஸ்லைட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வலது கையால கன்ன முன்னால குத்துன்னு. டக்குனு வந்துடுச்சு. விரல் மட்டும் டிரிகருக்கு வெளியவே நீட்டி இருக்கணும்னு கரண்டி புடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பேன், வீட்ல சிரிப்பாங்க.

மாசம் ஒரு தடவையாவது போய் சுடணும், இல்லன்னா அது சும்மா கனம். அதுக்கு நேரம் இருக்கான்னு யோசிங்க.

தென்காசிக்காரன்:

நான் கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசிக்கிறேன், திட்டாதீங்க. 2021ல இந்த நாட்டுல கன்னால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தனக்குத்தானே சுட்டுக்கிட்டவங்க. பாதிக்கும் மேல. திருடன், ரவுடின்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம், வீட்டுக்குள்ள ஒருத்தருக்கு மனசு சரியில்லாத ஒரு ராத்திரிக்கு அது கைக்கு எட்டுறதுதான் பெரிய ஆபத்து. விசா டென்ஷன், லே ஆஃப், தனிமைன்னு நம்ம பசங்க எந்த நிலைமைல இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்ல அப்படி யாராவது இருந்தா சேஃப் இருந்தாக்கூட யோசிக்கணும்.

ஊர்ல எங்க பெரியப்பா தோட்டத்துக்குன்னு ஒரு டபுள் பேரல் துப்பாக்கி வச்சிருந்தாரு. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும், ரிசல்ட் வந்தப்புறம் போய் வாங்கணும். மனுஷன் அலைஞ்சு அலைஞ்சு கடைசில லைசென்ஸயே சரண்டர் பண்ணிட்டாரு. இங்க கடைல பால் வாங்குற மாதிரி வாங்குறாங்க.

பியர்லேண்ட் பரமு:

தென்காசி, நீங்க சொல்றதும் நியாயம்தான், ஆனா 2022ல இண்டியானா கிரீன்வுட் மால்ல என்ன நடந்துச்சு? ஒருத்தன் ரைஃபிளோட சுட ஆரம்பிச்சு 15 செகண்டுல 22 வயசுப் பையன் ஒருத்தன் கைத்துப்பாக்கியால அவன முடிச்சான். அந்த மால்ல கன் கூடாதுன்னு ரூல் வேற. அவன் கொண்டு வராம இருந்திருந்தா எத்தனை பேரோ.

தென்காசிக்காரன்:

அதுக்கு முந்தின வருஷம் கொலராடோ அர்வாடால இதே மாதிரி ஒருத்தர் கொலைகாரன சுட்டு வீழ்த்தினார், அப்புறம் வந்த போலீஸ் இவர்தான் கொலைகாரன்னு நெனச்சு இவரச் சுட்டுடுச்சு. அவர் வெள்ளைக்காரர். நம்ம கலர்ல, நம்ம தாடில, கைல கன்னோட நின்னா என்ன நெனைப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

பியர்லேண்ட் பரமு:

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல சகோ.

சுகர்லேண்ட் சுப்பு:

சண்டை வேணாம் தம்பிகளா. போலீஸ் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன், எல்டிசி எடுத்துட்டு கேரி பண்ணும்போது போலீஸ் நிறுத்தி ஐடி கேட்டா டிரைவிங் லைசென்ஸோட எல்டிசியயும் சேத்து நீட்டணும். ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, உள்லைட்டப் போட்டுட்டு, எடுக்கப் போறதுக்கு முன்னாடி வாயால சொல்லிட்டு எடுக்கணும். என்னை ரெண்டு தடவை நிறுத்தியிருக்காங்க, ரெண்டு தடவையும் மரியாதையாத்தான் பேசினாங்க.

கேட்டி மல்லி:

இன்னொண்ணு மறந்துட்டேன், இது நம்மாளுங்களுக்கே உள்ள ஆபத்து. ரேஞ்சுக்குக் கொண்டு போற பேக்க வேற எதுக்கும் தொடாதீங்க. இங்க ஏர்போர்ட்ல 2023ல மட்டும் செக்யூரிட்டி செக் பண்ற டிஎஸ்ஏ 6,737 கன் புடிச்சிருக்கு, அட்லாண்டாக்கு அடுத்தது நம்ம டல்லாஸ், ஹூஸ்டன்தான், எல்லாருமே மறந்துட்டேன்னுதான் சொல்றாங்க. அபராதம் ஆயிரக்கணக்குல. ஆனா இந்தியா கதை இன்னும் மோசம். எனக்குத் தெரிஞ்சவர் பேக்பேக்க ரேஞ்சுக்கும் எடுத்துட்டுப் போயிருக்காரு, ஊருக்கும் எடுத்துட்டுப் போயிட்டாரு. லைனிங் கிழிஞ்ச ஓட்டைக்குள்ள ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா. திரும்பி வரும்போது அங்க ஸ்கேன்ல மாட்டி ஆர்ம்ஸ் ஆக்ட்ல எஃப்ஐஆர். தெரிஞ்சு வச்சிருக்கலன்னு சொல்லி கோர்ட்ல கேஸ ரத்து பண்ண வழி இருக்கு, அவருக்கும் ஆச்சு, ஆனா அதுக்குள்ள ஃப்ளைட் போச்சு, லீவு போச்சு, வக்கீல் ஃபீஸ் போச்சு, அவங்கம்மாவுக்கு பிரஷர் ஏறினது தனி.

வுட்லேண்ட்ஸ் வாசு:

கேக்க மறந்துட்டீங்களே எல்லாரும், ஆஸ்பத்திரில செக்யூரிட்டி எஸ்கார்ட் இல்லயா? நான் நைட் ஷிஃப்ட் நர்ஸ், எங்க இடத்துல எக்ஸ்டென்ஷனுக்கு ஃபோன் அடிச்சா ஆள் வந்து கார் வரைக்கும் கூட வருவான். பெப்பர் ஸ்ப்ரே சின்ன டப்பா டெக்சஸ்ல தாராளமா வச்சுக்கலாம், ஆனா உங்க இடத்துல பாலிசி என்னன்னு கேட்டுக்கோங்க. அப்புறம் அந்த ஆளப் பத்தி ரிப்போர்ட் குடுத்தீங்களா இல்லயா?

திருச்சிப்பொண்ணு:

வாசு அண்ணா, குடுக்கல. ஒண்ணும் நடக்கலயேன்னு விட்டுட்டேன். நீங்க கேட்டப்புறம் நேத்து போய் சொன்னேன், கேமராவ பாத்துட்டு இதே ஆளப் பத்தி இன்னும் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்கன்னு சொன்னாங்க. எஸ்கார்ட் இருக்காம், மூணு வருஷமா வேலை பாக்குறேன் எனக்கு யாரும் சொல்லல! நேத்து ராத்திரி ஒரு தாத்தா கோல்ஃப் கார்ட்ல வந்து கூட்டிட்டுப் போனார், வழி முழுக்க அவரோட பேத்தி ஃபோட்டோவா காட்டிக்கிட்டு வந்தார்.

கன் இப்ப வாங்கல. ஆனா எல்டிசி கிளாஸ் மட்டும் எடுத்துக்கிறேன், தெரிஞ்சு வச்சுக்கிட்டா தப்பில்லன்னு வீட்டுக்காரரே சொல்லிட்டார், வர்ற சனிக்கிழமை ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடப் போறேன் மல்லி அக்கா, அந்த ஸ்லைட் விஷயத்த ஞாபகம் வச்சுக்கிறேன். தம்பிகிட்ட நீ வரக் கூடாதுன்னு சொன்னதுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான், சுப்பு அண்ணா எழுதினதக் காட்டினேன், 15 வருஷம்ங்கிற வரிய ரெண்டு தடவை படிச்சுட்டு, சரி நான் வீட்ல பாப்பாவப் பாத்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கன்னுட்டான்.