டச்சுக் குழந்தைப் படம்: பையனா, பெண்ணா?

செம்பூர் மருமகள்:
எங்கள் கூடத்தில் ஓர் எண்ணெய்ச்சாய ஓவியம் இருக்கிறது, மாமனார் மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் வாங்கியது. மூன்று வயது மதிக்கத்தக்க குழந்தை. வெள்ளைக் கவுன், கழுத்தில் இரண்டு சரம் பவளம், கையில் சின்னச் சாட்டை, காலடியில் உருட்டு வளையம். கையெழுத்து கிடையாது. பின்பக்கக் கட்டையில் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து 'ஆம்ஸ்டர்டாம்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாமனார் அதை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவர் போன பிறகு மாமியார் வெள்ளிதோறும் சட்டத்தைத் துடைத்து வைக்கிறார். குழந்தையின் முகம் டிகாஷன் நிறத்துக்கு மங்கிவிட்டது. இது எந்தக் காலத்துப் படம்? உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

டோம்பிவலி ஓவிய ஆசிரியர்:
வேண்டவே வேண்டாம் அம்மா. ஈரம் விரிசலுக்குள் இறங்கினால் அடிப்பூச்சு ஊறி, சாயம் செதில் செதிலாக உதிரும். மங்கலுக்குக் காரணம் மேலே பூசிய வார்னிஷாக இருக்கும். மரப்பிசின் வார்னிஷ் வயதானால் மஞ்சளாகும், அடியில் நிறம் நன்றாகவே இருக்கலாம். காலா கோடாவில் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். டாட்டா குடும்பத்தார் கொடுத்த ஐரோப்பிய ஓவியங்களும் அங்கேதான் இருக்கின்றன. மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

மாட்டுங்கா வாசகர்:
கவுனைப் பார்த்துப் பெண் என்று முடிவு கட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பையன்களுக்கும் ஐந்தாறு வயதுவரை கவுன்தான். பவளமும் இருவருக்கும் உண்டு. நம் வீட்டில் வசம்பு வளையல் போடுவதுபோல, நோய்நொடி அண்டாமல் காக்கும் என்ற நம்பிக்கை. சாட்டையைப் பார்த்தால் எனக்குப் பையன் என்றே படுகிறது. பெண் குழந்தை என்றால் பொம்மையைக் கொடுத்து வரைவது வழக்கம். வகிடு எந்தப் பக்கம்? கவுனின் கை உப்பலா?

செம்பூர் மருமகள்:
வகிடு ஓரமாக இருக்கிறது அண்ணா. கை நன்றாக உப்பியிருக்கிறது.

மாட்டுங்கா வாசகர்:
ஓர வகிடு என்றால் பையன்தான் என்பேன். உப்பிய கை 1830களின் மோஸ்தர். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதுவரை பிள்ளை முகத்தை வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள் ஓவியரைத்தான் கூப்பிட்டார்கள். அன்றைய ஆம்ஸ்டர்டாமில் யான் ஆடம் க்ருஸ்மன் (1804-1862) பேர்பெற்ற உருவப்பட ஓவியர். ஆனால் கையெழுத்தில்லாத படத்துக்கு அவர் பெயரை யாராவது ஒட்டினால் நம்பாதீர்கள். ஹேக் நகரில் ஆர்கேடி என்ற கலை வரலாற்று நிறுவனம் இருக்கிறது. அதன் இணையத் தொகுப்பில் டச்சு உருவப்படங்களை இலவசமாகத் தேடலாம். முதலில் அந்தச் சீட்டைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பிய்க்க வேண்டாம்.

டோம்பிவலி ஓவிய ஆசிரியர்:
மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் மாட்டியிருந்தால் இப்போதே உள்சுவருக்கு மாற்றுங்கள். பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்தால் காற்றுப் போகும்.