அல்பராசின்: ஒரு நாள் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

கேள்வி (ஆரஞ்சுத்தோட்டம்):
ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். தெருவேல் பக்கத்து மலைக்கிராமமான அல்பராசினுக்குக் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. காலையில் காரில் கிளம்பி இரவே திரும்பிவிடலாமா? "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார் அப்பா.

பதில் (செம்மண்சுவர்):
தயவுசெய்து தங்குங்கள். அந்த ஊர் கிட்டத்தட்ட 1,170 மீட்டர் உயரத்தில், குவாதலவியார் ஆறு வளைந்து ஓடும் பாறை மேல் இருக்கிறது. வீடுகளுக்கு அங்கே கிடைக்கும் சிவந்த ஜிப்சத்தைப் பூசியிருப்பார்கள். நடுப்பகல் வெயிலில் அந்த நிறம் வெளுத்துத் தெரியும். சாயங்காலம்தான் சுவரெல்லாம் சிவக்கும். பகலில் வந்தவர்கள் கிளம்பியதும் தெருவும் அடங்கிவிடும். நான் விரும்பும் அல்பராசின் அதுதான்.

அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்குமா? 11ஆம் நூற்றாண்டில் பனூ ரசீன் என்ற பெர்பர் (வட ஆப்பிரிக்க) குலத்தார் இதைத் தனி அரசாக ஆண்டார்கள். அப்புறம் ஊரை ஆண்ட அசாக்ரா குடும்பம், பக்கத்துப் பெரிய அரசுகளான காஸ்டீலுக்கும் பணியாமல் அரகோனுக்கும் பணியாமல் தாக்குப்பிடித்தது. 1284இல்தான் அரகோன் மன்னர் மூன்றாம் பெத்ரோ முற்றுகையிட்டுப் பிடித்தார். மலைமுகட்டில் ஏறும் மதில்களைப் பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று அப்பாவுக்கே புரியும்.

ஹுலியானெத்தா வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மரச்சட்டமும் ஜிப்சமுமாய், ஒரு பக்கம் சாய்ந்தபடி நிற்கும் சின்ன வீடு. அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் எனக்கு அலுக்காது.

பதில் (மெதுநடை):
அம்மாவை மதிலின் உச்சியில் இருக்கும் ஆந்தாதோர் கோபுரத்துக்கு ஏற்ற வேண்டாம், செங்குத்து. ஊருக்குள் தெருக்களும் மேடும் பள்ளமுமான கல்தரைதான். அறை எடுக்கும்போதே ஊரின் நடுவே உள்ள மாயோர் சதுக்கத்துக்குப் பக்கமா என்றும், வாசல்வரை கார் வர முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். சதுக்கத்தின் ஓரத்திலிருந்தே ஆற்றுப் பள்ளத்தாக்கு தெரியும், அம்மா அங்கே நிம்மதியாக உட்காரலாம். ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும், கோடையிலும் குளிரும்.

ஆரஞ்சுத்தோட்டம்:
அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார், அசாக்ரா கதை வேலை செய்துவிட்டது! மறுநாள் காலை பக்கத்தில் எங்காவது போகலாமா?

செம்மண்சுவர்:
ரோதெனோ பைன்காடு. சில கிலோமீட்டர்தான். சிவப்பு மணற்பாறைகளில் ஆதிமனிதர் தீட்டிய காளைகளும் மான்களும் இருக்கின்றன. 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாறை ஓவியங்களில் இவையும் அடக்கம். கம்பித்தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அதனால் பைனாகுலர் எடுத்துப் போங்கள். பாதை கரடுமுரடு, அப்பாவும் நீங்களும் நடந்துவிட்டு வரும்வரை அம்மா பைன் நிழலில் இருக்கட்டும்.