ஆக்குபன்சி சர்டிபிகேட்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டு உரிமையாளர்களுக்கான கட்டட விதிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கம்ப்ளீஷன் சர்டிபிகேட், ஆக்குபன்சி சர்டிபிகேட் இரண்டுமே என் வரைவில் ‘நிறைவுச் சான்றிதழ்’ என்று விழுந்துவிட்டன. முன்னதற்கு அது சரி, பின்னதற்கு வேறு சொல் வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி யாரும் முதலாவதோடு நின்றுவிடக் கூடாது.

கட்டடப் பொறியாளர்:
நியாயமான கவலை. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி கட்டி முடித்தாயிற்று என்கிறது முதலாவது. அதில் ஆட்கள் புழங்கலாம் என்கிறது இரண்டாவது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, லிஃப்ட் எல்லாம் பார்த்த பிறகு தருவது. சில இடங்களில் இரண்டையும் ஒரே தாளில் தந்துவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’ என்று வைக்கலாமே? எந்தப் பயன்பாட்டுக்கு என்பதும் அதில் முக்கியம். வீடாக ஒப்புதல் வாங்கியதை மருத்துவமனை ஆக்கினால் பொதுவாகப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

கணக்குத் தணிக்கையாளர்:
அந்தப் பெயரை நாங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டோம். ஒதுக்கிய நிதியை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று கொடுக்கும் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்தான் ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’.

தமிழாசிரியர்:
‘குடிபுகு சான்றிதழ்’ என்று சொல்லிப் பாருங்கள். வினைத்தொகை, எனவே ஒற்று மிகாது. மெய்ப்புத் திருத்துபவரிடம் சொல்லிவையுங்கள், ‘ச்’ சேர்த்துவிடப் போகிறார்.

கணக்குத் தணிக்கையாளர்:
சான்றிதழா குடிபுகுகிறது?

தமிழாசிரியர்:
குடிநீர் என்கிறோம், நீரா குடிக்கிறது? வினைத்தொகையில் பின்னால் வரும் பெயர் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தனித்தமிழ் அன்பர்:
ஒரு சொல்லோடு ஏன் நிற்கிறீர்கள்? கையேட்டில் ‘அனுமதி’ என்று வரும் இடமெல்லாம் ‘இசைவு’ ஆகட்டும். ‘சான்று’ நம் சொல்தான், ‘சால்’ என்ற வேரிலிருந்து வந்தது. ஆனால் சாட்சி என்ற பொருளில் ‘கரி’ என்ற பழைய சொல்லும் நமக்கு உண்டு. 25ஆம் குறளில் ‘இந்திரனே சாலுங் கரி’ என்று அந்த வேரும் கரியும் அருகருகே நிற்கின்றன. போதுமான சாட்சி என்று பொருள். ‘குடிபுகு கரி’ எவ்வளவு சுருக்கம்! நெடுநல்வாடையில் நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு மனை வகுக்கிறார்கள். பிளான் அப்ரூவலுக்கு ‘மனைவகுப்பு இசைவு’ என்ற சொல் அங்கேயே கிடைக்கிறது.

கட்டடப் பொறியாளர்:
ஐயா, அந்த வரிகளில் எனக்கும் ஈடுபாடு உண்டு. கயிறு கட்டிக் கோணம் பார்ப்பதை இன்றும் செய்கிறோம். ஆனால் இன்று மனை என்றால் காலி இடம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்குவது ஒரு வேலை, அதில் எழுப்பும் கட்டடத்துக்கு வாங்குவது இன்னொரு வேலை. ஒன்று கையில் இருப்பதால் மற்றதும் கிடைத்துவிட்டது என்று எண்ணி ஏமாறுபவர்கள் ஏராளம். உங்கள் சொல் அவர்களை இன்னும் குழப்பும்.

தமிழாசிரியர்:
கரியும் வேண்டாம். உரை இல்லாமல் புரியாத சொல்லை விதிக் கையேட்டில் வைப்பது படிப்பவருக்குச் செய்யும் அநீதி.

தனித்தமிழ் அன்பர்:
சான்றிதழும் ஒரு காலத்தில் புதுச் சொல்தான். பழகினால் வரும்.

மொழிபெயர்ப்பாளர்:
பழகும்வரை அச்சகம் காத்திருக்காது, ஐயா. ‘அனுமதி’ அப்படியே இருக்கட்டும். ‘குடிபுகு சான்றிதழ்’ என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் ‘கட்டடத்தில் குடியேறலாம் என்பதற்கான சான்றிதழ்; நிறைவுச் சான்றிதழ் வேறு’ என்று சேர்த்துவிடுகிறேன். மூவர் சரி என்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கட்டடப் பொறியாளர்:
என்னைச் சேர்க்காதீர்கள். கிடங்கிலும் அலுவலகத்திலும் யார் குடிபுகுகிறார்கள்? அவற்றின் உரிமையாளர்கள் இது வீடுகளுக்கு மட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடைப்புக்குறிக்குள் ‘கடை, அலுவலகம், கிடங்குக்கும் இது வேண்டும்’ என்றாவது போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
போடுகிறேன். அப்புறம், ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட்டுக்கு ‘உறுதித்தன்மைச் சான்றிதழ்’ போதுமா?

தனித்தமிழ் அன்பர்:
‘தன்மை’ எதற்கு அங்கே? இரவு விரிவாக எழுதுகிறேன்.