கேரவன் இழுக்கும் யூட்டுக்குப் பின் சஸ்பென்ஷன்: ஏர் பேக்கா, ஸ்பிரிங்கா?

எடைமேடை:
ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், ரேஞ்சர் மாதிரி டபுள் கேப் யூட்டில் (பின்னால் தொட்டி உள்ள பிக்கப்பில்) கேரவனை (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை) மாட்டியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உடனே எல்லாரும் தேடுவது ஏர் பேக், அதாவது பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கும் காற்றுப் பை. முதலில் கணக்கைப் பாருங்கள். டோ பாலில் (கேரவனை மாட்டும் உருண்டையில்) 300 கிலோ. அது பின் அச்சிலிருந்து 1.25 மீட்டர் பின்னால், வீல்பேஸ் 3.1 மீட்டர். முன் அச்சிலிருந்து சுமார் 120 கிலோ குறையும், பின் அச்சில் 420 கிலோ ஏறும். ஸ்டியரிங் லேசாவதும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான். ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்குமே தவிர, போன 120 கிலோவை முன்னால் கொண்டுவராது. அது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் (இணைப்பில் பார் போட்டுப் பாரத்தை முன் அச்சுக்கும் பிரிக்கும் கருவியின்) வேலை.

இரண்டும் போடுவதானால், ஏர் பேக்கைக் குறைந்தபட்சக் காற்றில் வைத்து முதலில் ஹிட்ச் பாரை இறுக்குங்கள். பிறகு காற்று ஏற்றினால் பார் தளரும். அதனால் முன்சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.

சிவப்புமண்:
லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) வண்டியில் ஏர் பேக் உட்காருவது பம்ப் ஸ்டாப் (அச்சு சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இருந்த இடத்தில். லீஃப் ஸ்பிரிங் பாரத்தை முன் ஹேங்கர், பின் ஷேக்கிள் என்று சேசிஸின் இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். காற்றை ஏற்ற ஏற்ற அந்தப் பாரம் நடுவில் ஒரே இடத்துக்கு வந்துவிடும். பின்னால் கனமான டோ பால், தொட்டியின் கடைசியில் ஜெர்ரி கேன், ரோட்டில் ஒரு பெரிய பள்ளம். சேசிஸ் கேபினுக்குப் பின்னால் மடங்குவது இப்படித்தான். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஏர் பேக்தான் வேண்டும் என்றால் இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். டி-இணைப்பில் சேர்த்தால் வளைவில் காற்று அடுத்த பக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். குழாயை நேராக வெட்டுங்கள், சைலன்சரிலிருந்து தள்ளி எடுங்கள், சோப்புத் தண்ணீர் அடித்துக் கசிவு பாருங்கள். பாரம் இல்லாவிட்டாலும் 5 பிஎஸ்ஐக்குக் கீழே விட்டால் பை மடிந்து கிழியும் (உள்ளே ரப்பர் ஸ்டாப் உள்ள வகை வேறு). ஜாக்கி போடும்போது அச்சைத் தொங்க விட்டாலும் பை இழுபட்டுப் பிய்ந்துவிடும்.

லீஃப்பட்டறை:
எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு ஸ்பிரிங்கையே மாற்றுவதுதான் சரி. கான்ஸ்டன்ட் 300, 500 என்று கிலோக் கணக்கில் விற்பார்கள். நிரந்தரமாக எவ்வளவு சுமக்கிறீர்களோ அதற்கு வாங்குங்கள். ஆசைக்கு 500 போட்டுக் காலியாக ஓட்டினால், கரடுமுரடான மண்ரோட்டில் பின்பக்கம் துள்ளித் துள்ளி விலகும். ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ஷாக்குக்கு இந்த ஸ்பிரிங்கின் எழுச்சியை அடக்கச் சக்தி கிடையாது.

ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு. ஷேக்கிள் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிலேயே இருந்து கிழிந்துபோகும்.

எடைமேடை:
ஸ்பிரிங் போட்டதாலோ ஏர் பேக் போட்டதாலோ மட்டும் ஜிவிஎம் (பாரத்தோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை) உயராது. அங்கீகரித்த ஜிவிஎம் அப்கிரேடு கிட், சான்று, புதுத் தகடு எல்லாம் இருந்தால்தான் உயரும். உயர்ந்தாலும் ஜிசிஎம் (வண்டியும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை) பெரும்பாலும் பழைய எண்தான். ஜிசிஎம் 6,000 கிலோ உள்ள வண்டி 3,500 கிலோ கேரவனை இழுத்தால் யூட்டுக்கு மிஞ்சுவது 2,500. காலி வண்டியே 2,200 என்றால் ஆள், டீசல், புல்பார் எல்லாவற்றுக்கும் 300 கிலோதான்.

லீஃப்பட்டறை:
ஒன்று விட்டுப்போச்சு. பழைய ஹைலக்ஸில் பின் அச்சுக்கு ஒரு கம்பியால் இணைத்த எல்எஸ்பிவி வால்வு (பாரத்துக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிங் மாற்றிய அன்றே அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.