ஷிகோகுவில் கார் ஓட்டியவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. அக்டோபர்ல நானும் மனைவியும் அம்மாவும் ஜப்பானோட ஷிகோகு தீவுக்குப் போறோம். தகமாட்சுவில் வாடகைக்குக் கார் எடுத்து, சனுகி உடோன் (தடியான கோதுமை நூடுல்ஸ்), இயா பள்ளத்தாக்கு சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்), கொச்சியில வைக்கோல் தீயில வாட்டுற கட்சுஓ மீன்னு ஊர் ஊராச் சாப்பிட்டுட்டே போக ஆசை. நல்ல உடோன் கடைகள் பல ஊருக்கு வெளியே வயல் நடுவுல இருக்கு. நூடுல்ஸ் தீர்ந்துட்டா மதியமே மூடிடுவாங்க, பஸ்ஸை நம்பிப் போக முடியாது.

1949 ஜெனீவா ஒப்பந்தப்படி சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஆர்டிஓல வாங்கியாச்சு. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டணும், அதனால கவலையில்ல. இயா மலைப்பாதைதான் யோசனையா இருக்கு. பல இடத்துல ஒரு வண்டி அகலம்தான், எதிர்ல யாராவது வந்தா ரிவர்ஸ் எடுக்கணும். மூணு பேர், பெட்டிகளோட சின்ன கெய் கார் அந்த ஏத்தம் ஏறுமா? சாலைச் சுங்கம் கட்ட இடிசி கார்டு (நம்ம ஃபாஸ்டேக் மாதிரி) கார் கொடுக்கிறவங்ககிட்டயே கிடைக்குமா?

இதைவிட முக்கியம், அம்மா சுத்த சைவம். உடோன் சாறே இரிகோ கருவாட்டுல கொதிக்கிறது. வெறும் உடோன்ல சோயா சாஸ் மட்டும் ஊத்திக் கேட்டா, அந்த சாஸ்லயும் மீன் சாறு கலந்திருக்குமா? சாலையோர மிச்சி நோ எகி கடைகள்ல அவங்களுக்கு என்ன வாங்கலாம்? சைவம் சாப்பிடுறவங்களோட அந்தப் பக்கம் போனவங்க கடை பேரோட சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.