கோலா தீபகற்பம்: அவ்வளவு வடக்கே இருந்தும் கடல் உறையாதது ஏன்?

நிலவரைவன்:
ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் கோலா தீபகற்பம் கிட்டத்தட்ட முழுக்க ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் மூர்மன்ஸ்க் துறைமுகத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கப்பல் வருகிறது. எவ்வளவோ தெற்கே இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலோ பனிக்கட்டியை உடைத்துத்தான் வழி விட வேண்டியிருக்கிறது. எப்படி? அப்புறம், அங்குள்ள பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் இன்னும் துருவ மான் மேய்க்கிறார்களா?

கடல்காற்று:
எல்லாம் நீரோட்டம் செய்யும் வேலை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் நார்வே கரையை ஒட்டி மேலேறி, கோலாவுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலுக்குள் வந்துவிடுகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் பின்லாந்து வளைகுடாவில் ஆற்றுநீர் கலப்பதால் உப்பும் குறைவு, ஆழமும் குறைவு, அதனால் சீக்கிரம் உறையும். கோலாவுக்குத் தெற்கே உள்ள வெண்கடலும் உறைந்துவிடும், ஆக ஒரே தீபகற்பத்துக்கு வடக்கே திறந்த கடல், தெற்கே பனிக்கட்டி! முதல் உலகப்போரில் பால்டிக், கருங்கடல் வழிகள் அடைபட்டபோதுதான் அவசர அவசரமாக ரயில் பாதை போட்டு 1916இல் மூர்மன்ஸ்க் ஊரையே உருவாக்கினார்கள்.

மீனா_வ:
கடல் உறையாது என்பதற்காகக் குளிர் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து சுமார் 40 நாள் அங்கே சூரியன் உதிக்காது, நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான்.

தூந்திரா:
இரண்டாவது கேள்விக்கு: மேய்க்கிறார்கள், லோவோசெரோ என்ற ஊர்தான் மையம். ஆனால் அவர்கள் மட்டும் இல்லை. 1880களில் கோமி என்ற இன்னொரு இன மக்கள், கூடவே நேநெத்து இனத்தவர் சிலர், ஆயிரக்கணக்கான மான்களை ஓட்டிக்கொண்டு கிழக்கிலிருந்து வந்து குடியேறினார்கள். சாமிகளின் பழைய பனிச்சறுக்கு வண்டி படகு வடிவில் இருக்கும், ஒரே மான் இழுக்கும். சறுக்குக்கட்டை வைத்த உயரமான வண்டி கோமிகளோடு வந்தது, இன்று அங்கே எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பீர்கள். சோவியத் காலத்தில் மந்தைகள் கூட்டுப்பண்ணைக்குப் போயின, பிறகு 1960களில் சிறு ஊர்களை மூடி (வொரோன்யே என்ற ஊர் நீர்மின் தேக்கத்தில் மூழ்கியே போனது) குடும்பங்களை லோவோசெரோவின் அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள், பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் ரஷ்ய மொழியிலேயே வளர்ந்தார்கள். சாமி மொழிகளில் ஒன்றான அக்காலா சாமியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2003இல் இறந்துவிட்டார். எனக்கு இதுதான் தாங்கவில்லை, மானை மேய்க்க ஆள் இருக்கிறது, அதைத் தாய்மொழியில் கூப்பிட ஆள் குறைந்துவிட்டது.

கடல்காற்று:
நன்றி தூந்திரா. இப்போது மான்களுக்கே இன்னொரு சிக்கல். குளிர்காலத்தில் அவை குளம்பால் பனியைத் தோண்டி அடியில் இருக்கும் பாசி போன்ற லைக்கனைத்தான் தின்னும். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்தால் மேலே கெட்டியான தகடு மாதிரி ஆகிவிடும், குளம்பு இறங்காது. ஏரிகளும் தாமதமாக உறைவதால் மந்தையை உரிய நேரத்தில் ஓட்டிவர முடிவதில்லை.